டியூபுக்குள் காணாமல் போகும் ஹார்மோன்

பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலி, பல ஹார்மோன்கள் இந்த வகைதான். அந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் எதிரி டியூபின் சுவர்தான். நிதி, போட்டி, கட்டுரையைத் திருப்பி அனுப்பும் இதழ் எல்லாம் அப்புறம். நாங்கள் புழங்கும் அளவு அப்படி. ஒரு மில்லி லிட்டரில் நானோகிராம் கணக்கு, சில சமயம் அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு நீர்த்த கரைசலை வெறும் கண்ணாடியிலோ சாதாரண பிளாஸ்டிக்கிலோ வைத்தால் மூலக்கூறுகள் போய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். லேபிள் சரியாக இருக்கும், நோட்டில் போட்ட கணக்கும் சரியாக இருக்கும், செல்லுக்குப் போய்ச் சேருவது மட்டும் பாதிகூடத் தேறாது.

எங்கள் ஆய்வகம் அடையாறுக்கும் தரமணிக்கும் நடுவில் இருந்தது. அங்கே ஒரு வருடம் இரண்டு மாணவர்கள் ஒரே பெப்டைடை, ஒரே செல்லில், ஒரே வாரத்தில் போட்டுப் பார்த்தார்கள். ஒருவருக்குக் கிடைத்த வளைகோட்டுக்கும் மற்றவருடையதற்கும் பத்து மடங்கு வித்தியாசம். இரண்டு பேரும் பேச்சுவார்த்தை நிறுத்தும் அளவுக்குப் போய்விட்டது. உட்கார்ந்து இருவர் நோட்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டபோது, ஒருவர் பஃபரில், அதாவது அமிலத்தன்மை மாறாத கரைசலில், 0.1 சதவீதம் மாட்டு ரத்தத்துப் புரதமான ஆல்புமின் சேர்த்திருந்தார், இன்னொருவர் வெறும் பஃபரில் நீர்த்திருந்தார் என்று தெரிந்தது. அவ்வளவுதான் விஷயம். ஆல்புமின் முதலில் போய்ச் சுவரை நிரப்பிவிடும், பெப்டைடுக்கு ஒட்ட இடம் இருக்காது. அன்றிலிருந்து யார் புதிதாக வந்தாலும் முதல் வாரம் பரிசோதனை எதுவும் கிடையாது, கரைக்கவும் நீர்க்கவும் மட்டும்தான் பழக்குவேன். எம்.எஸ்சி. முடித்து ஆர்வத்தோடு வருகிற பிள்ளைகளுக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும்.

அடுத்தது சென்னையின் காற்று. பெப்டைடு உறைய வைத்து உலர்த்திய வெள்ளைத் தூளாக, விரல் நுனி அளவுக் குப்பியில் வரும். மைனஸ் 20-இல் வைத்திருப்போம். அதை வெளியே எடுத்ததும் மூடியைத் திறந்தால் இந்த ஊர் ஈரம் அத்தனையும் குளிர்ந்த தூளின் மேல் படியும். ஈரம் உறிஞ்சும் மூடிய பாத்திரமான டெசிகேட்டரில் காலையில் நீலமாகப் போட்ட சிலிகா ஜெல் மாலைக்குள் ரோஸ் நிறமாக மாறுகிற ஊர் இது. ஆகவே குப்பியை டெசிகேட்டரில் வைத்து, அறையின் சூட்டுக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டும். அதற்கு முன் ஒரு நொடி சென்ட்ரிஃபியூஜில் சுற்ற வேண்டும், மூடியில் ஒட்டியிருக்கும் தூள் கீழே வருவதற்கு. கரைத்ததும் சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து உறைய வைக்க வேண்டும். ஒரே டியூபை உருக்கி, உறைய வைத்து, மறுபடி உருக்கினால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போய்விடும்.

குப்பியில் 1 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் உள்ளே 1 மில்லிகிராம் பெப்டைடு இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது தூளின் எடை. அந்தத் தூளில் ஈரமும் இருக்கும், தயாரிப்பில் ஒட்டிக்கொண்ட டிரைஃபுளோரோ அசிட்டிக் அமிலத்தின் உப்பும் இருக்கும். கூட வரும் தாளில் பெப்டைடு அளவு தனியாகப் போட்டிருப்பார்கள். 75 சதவீதம் என்றால் கணக்கை முக்கால் மில்லிகிராமுக்குப் போட வேண்டும். சுத்தம் 98 சதவீதம் என்று அதே தாளில் இருப்பது வேறு எண். இருக்கிற பெப்டைடில் எத்தனை பங்கு நாம் கேட்ட பெப்டைடு என்பதைத்தான் அது சொல்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள் எழுதிய கட்டுரைகளை நடுவராக இருந்து நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான் இந்தத் துறைக்கு வந்தது எண்பதுகளின் கடைசியில். அப்போது குப்பியில் பெப்டைடு வாங்குவதெல்லாம் பெரிய இடத்து வேலை. எங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் பழைய ஆள், வேண்டியதை நாமே பிரித்தெடுக்க வேண்டும் என்பார். ஆகவே விடியுமுன் சைதாப்பேட்டை ஆட்டுத்தொட்டிக்குப் போவோம், ஆட்டின் பிட்யூட்டரி சுரப்பி எடுக்க. மண்டை ஓட்டின் அடித்தளத்தில் சின்ன எலும்புக் குழிக்குள் பட்டாணி போல உட்கார்ந்திருக்கும். மூளையைத் தூக்கும்போது காம்பு அறுந்து அது குழியிலேயே தங்கிவிடும், வளைந்த இடுக்கியால் மேல் சவ்வைக் கிழித்துத் தோண்டி எடுக்க வேண்டும். அங்கே வெட்டுகிற பாய் ஒருவர் முதல் நாள் வேடிக்கை பார்த்துவிட்டு, “இன்னாம்மா இது, மூளைய உட்டுட்டு இத்தப் போய் நோண்டினுகீற?” என்று கேட்டார். “இதுதான் பாய் ஆடு வளர்றதுக்கே காரணம்” என்றேன். அவர் நம்பவில்லை. ஆனால் இடுக்கியை வாங்கி, நான் ஒன்று எடுப்பதற்குள் நாலைந்தைச் சிதையாமல் எடுத்துக் கொடுத்தார். அப்புறம் தலைகளை அவரே தனியாக எடுத்து வைப்பார், வெட்டிய நேரத்தையும் சொல்வார். எங்களுக்கு அந்த நேரம்தான் முக்கியம். வெட்டி அரைமணி தாண்டினால் திசுவில் இருக்கும் நொதிகளே பெப்டைடை நறுக்கத் தொடங்கிவிடும். டிரை ஐஸ் கைக்குக் கிடைக்காத நாளில் ஐஸ் கட்டியும் உப்பும் போட்ட பெட்டியில் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் பறப்போம்.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். இந்தத் துறையே ஆட்டுத் தலையிலும் பன்றித் தலையிலும்தான் பிறந்தது. மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்கு ரசாயனமாகக் கட்டளை அனுப்புகிறது என்பதை நிரூபிக்க ரோஜர் கில்லெமின் ஆட்டு மூளைகளையும், ஆண்ட்ரூ ஷாலி பன்றி மூளைகளையும் லட்சக்கணக்கில் அரைத்தார்கள். கில்லெமின் குழுவுக்கு ஏறக்குறைய 3 லட்சம் ஆட்டு ஹைப்போதலாமஸிலிருந்து கிடைத்தது டிஆர்எச் என்ற கட்டளைப் பெப்டைடு, 1 மில்லிகிராம். 1969-இல் அமைப்பு தெரிந்தபோது பார்த்தால் மூன்றே மூன்று அமினோ அமிலம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முந்தப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். 1977-இல் நோபல் பரிசை ரோசலின் யாலோவோடு சேர்ந்து பகிர்ந்துகொண்டார்கள். யாலோவின் கதிரியக்க அளவீட்டு முறை இல்லாவிட்டால் இந்த ஹார்மோன்களை எண்ணவே முடிந்திருக்காது. பரிசில் பாதி அவருக்குப் போனது மிகச் சரி என்பது என் கட்சி.

வளர்ச்சி ஹார்மோன் விஷயத்தில் இயற்கை நன்றாகவே விளையாடியது. அதைச் சுரக்க வைக்கும் பெப்டைடைத் தேடிப் போன கில்லெமின் ஆய்வகத்துக்கு 1973-இல் அகப்பட்டது நேர் எதிரானது, சுரப்பை நிறுத்தும் சோமட்டோஸ்டேட்டின், 14 அமினோ அமிலம். ஹைப்போதலாமஸ் சாற்றைக் கொட்டினால் செல்லிலிருந்து ஹார்மோன் கூடுவதற்குப் பதில் குறைகிறது என்பதை “பரிசோதனை சரியில்லை” என்று தூக்கிப் போட்டிருக்கலாம். அவர்கள் அந்தக் குறைவையே பிடித்துக்கொண்டு போனார்கள். முதலில் தேடிய ஜிஎச்ஆர்எச் 1982-இல்தான் கிடைத்தது, அதுவும் மூளையிலிருந்து இல்லை. கையும் காலும் தாடையும் பெருத்துக்கொண்டே போகும் அக்ரோமெகலி நோயாளிகளின் கணையக் கட்டியிலிருந்து. ஹைப்போதலாமஸில் சொட்டு அளவில் இருப்பதை அந்தக் கட்டி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது பெப்டைடு இன்னும் வேடிக்கை. 1996-இல் அதன் ஏற்பி, அதாவது செல்லில் அதைப் பிடித்துக்கொள்ளும் புரதம், கிடைத்துவிட்டது, ஆனால் அதில் வந்து உட்காரும் உடலின் சொந்த மூலக்கூறு எது என்று தெரியவில்லை. 1999-இல் கொஜிமாவும் கங்காவாவும் அதைக் கண்டுபிடித்தார்கள். எலியின் இரைப்பையில் இருந்தது. அதுதான் கிரெலின், பசி ஹார்மோன் என்று இப்போது எல்லோரும் சொல்வது.

எதிர்பாராத முடிவு வந்தால் கொண்டாட வேண்டும் என்று இதிலிருந்து யாராவது பாடம் எடுத்தால் எனக்கு உடன்பாடு இல்லை. பத்து எதிர்பாராத முடிவில் ஒன்பது கெட்டுப்போன பஃபர்தான். கில்லெமின் ஆட்கள் அந்தக் குறைவு அளவுக்குத் தக்கபடி கூடுகிறதா, திரும்பத் திரும்ப வருகிறதா, சாற்றில் இருக்கும் நச்சு செல்லைக் கொல்கிறதா என்றெல்லாம் பார்த்துவிட்டுத்தான் நம்பினார்கள்.

கதிரியக்க அளவீடு எங்கள் தலைமுறைக்கு அன்றாடச் சோறு. அயோடின்-125 மும்பையிலிருந்து வரும். அதன் அரை ஆயுள் ஏறக்குறைய 60 நாள். ஆகவே எங்கள் காலண்டரே அயோடினை வைத்துத்தான். பொங்கல் விடுமுறைக்கு முந்தின வாரம் அயோடின் வந்து சேர்ந்தால் யாரும் ஊருக்குப் போக முடியாது. ஹார்மோனில் அயோடினை ஏற்ற ஹண்டரும் கிரீன்வுட்டும் 1962-இல் கொடுத்த குளோரமின்-டி முறையைத்தான் பயன்படுத்தினோம். அவர்கள் அதை முதலில் செய்து காட்டியதே மனித வளர்ச்சி ஹார்மோனில்தான் என்பதால் எங்களுக்கு அது குலதெய்வம் மாதிரி. அயோடின் டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் போய் உட்காரும். சோமட்டோஸ்டேட்டினில் டைரோசினே கிடையாது. ஆகவே ஓர் இடத்தில் டைரோசினை மாற்றி வைத்த வடிவத்தை வாங்க வேண்டும். ஜிஎச்ஆர்எச்-இல் டைரோசின் உண்டு, ஆனால் 27-ஆவது இடத்தில் மெத்தியோனின் இருக்கிறது. குளோரமின்-டியை ஒரு நிமிடம் கூடுதலாக விட்டால் அது ஆக்சிஜனேற்றம் ஆகிவிடும். எண்ணும் கருவியில் எண் பிரமாதமாக வரும், ஏற்பியில் உட்காரத்தான் உட்காராது.

இப்போது அயோடினைத் தொடுகிறவர்கள் குறைவு, பெரும்பாலும் கதிரியக்கம் இல்லாமல் ஆன்டிபாடியை வைத்து அளக்கும் எலைசா கிட்தான். நல்லதுதான், மேலே பட்ட கதிரியக்கத்தை அளக்கும் பேட்ஜை மார்பில் குத்திக்கொண்டு அலைய வேண்டாம். ஆனால் கிட் வந்த பிறகு அளவீடு உள்ளே எப்படி நடக்கிறது என்று கேட்பது நின்றுவிட்டது. கிரெலினையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூன்றாவது அமினோ அமிலத்தில் ஒரு கொழுப்பு அமில வால் ஒட்டியிருக்கிறது. வால் இருந்தால்தான் ஏற்பி கண்டுகொள்ளும். ரத்தம் எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் வால் உதிர்ந்துவிடும். குளிர்ந்த டியூபில் எடுத்து, நொதித் தடுப்பான் போட்டு, பிளாஸ்மாவைப் பிரித்ததும் கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து வைத்தால் நிற்கும். ஆஸ்பத்திரியிலிருந்து மாதிரி வாங்கும் கூட்டுத் திட்டங்களில் இதுதான் பெரிய தலைவலி. எழுதிக் கொடுத்தால் போதாது. ரத்தம் எடுக்கும் நர்ஸ் அக்காவிடம் நேரில் போய், ஐஸ் பெட்டியைக் கையில் கொடுத்து, இரண்டு நாள் கூடவே நின்றால்தான் ஒழுங்காக வரும். நாங்கள் அப்படித்தான் நின்றோம்.

எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதுதான் வளர்ச்சி ஹார்மோனில் பெரிய கேள்வி. அது நாள் முழுக்க ஒழுகிக்கொண்டிருப்பதில்லை, துடிப்புத் துடிப்பாக வரும். ஆண் எலியில் ஏறக்குறைய 3.3 மணி நேரத்துக்கு ஒரு தடவை. இடையில் அளந்தால் கிட்டத்தட்டப் பூஜ்யம். மனிதர்களில் பெரிய துடிப்பு இரவு ஆழ்ந்து தூங்கத் தொடங்கியதும் வரும். ரத்தத்தில் அதன் அரை ஆயுள் 20 நிமிடம் போல. அதைவிட முக்கியம், மனிதனுக்கு மன அழுத்தத்தில் இது கூடும், எலிக்குக் குறைந்துவிடும். எலியைக் கையாளத் தெரியாத ஆள் ரத்தம் எடுத்தால் மருந்து வேலை செய்யவில்லை என்ற முடிவு வரும், மருந்தைப் பற்றி ஒன்றும் தெரியாமலே.

எங்கள் விலங்குக் கூடத்தில் ஒரு அண்ணன் இருந்தார். பட்டம் எதுவும் கிடையாது. எலிகள் அவர் கைக்கு வந்தால் அப்படியே படுத்துக்கொள்ளும். ஆடி மாதம் கூழ் ஊற்றுகிறார்கள் என்று அவர் ஊருக்குப் போன வாரத்து எண்களைத் தனியாக எடுத்துப் பார்த்தால் மற்ற வாரங்களோடு ஒட்டவே ஒட்டாது. பின்னால் அவர் லீவில் இருந்தால் ரத்தம் எடுக்கும் வேலையை ஒத்திவைத்தோம். எலிகளை இரண்டு வாரமாவது தினமும் ஒரே ஆள், ஒரே நேரத்தில் எடுத்துத் தடவி வைத்த பிறகுதான் பரிசோதனை என்பது விதி. பக்கத்து மனையில் கட்டட வேலை, துளை போடும் சத்தம் என்றால் அன்றைக்கு விடுமுறை. கட்டுரைகளின் நன்றியுரையில் அவர் பெயரைப் போட்டோம். இன்னொரு முறை எழுதினால் ஆசிரியர் பட்டியலிலேயே போடச் சொல்வேன்.

நேரம் என்பது ஏற்பிக்கும் பொருந்தும். இதற்கு நல்ல சாட்சி பக்கத்துத் துறையில் இருக்கிறது. 1978-இல் எர்னஸ்ட் நோபில் குழு, குரங்குகளுக்கு, இனப்பெருக்க ஹார்மோன்களைச் சுரக்க வைக்கும் ஜிஎன்ஆர்எச் என்ற பெப்டைடை மணிக்கு ஒரு துடிப்பாகக் கொடுத்தபோது பிட்யூட்டரி வேலை செய்தது, அதையே நிறுத்தாமல் ஏற்றியபோது சுரப்பு அடங்கிப்போனது. தூண்டும் பொருளே ஓயாமல் கொடுத்தால் தடுக்கும் மருந்தாகிவிடுகிறது. புராஸ்டேட் புற்றுநோய்க்கு இன்று போடும் லியூப்ரோலைடு ஊசி இந்த அடிப்படையில்தான் வேலை செய்கிறது. ஆகவே மாணவர் யாராவது “மேடம், 24 மணி நேரம் பெப்டைடு போட்டேன், ஒண்ணும் ஆகலை” என்று வந்தால், 5 நிமிடத்தில் என்ன ஆனது என்று கேட்பேன். ஏற்பி செல்லுக்குள் இழுக்கப்பட்டு, கதை முடிந்து, எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு கதவைத் தட்டியிருப்பார்.

பிட்யூட்டரி செல்லில் மூன்று கட்டளைகளும் மூன்று கம்பி வழியாக வருகின்றன. ஜிஎச்ஆர்எச், செல்லுக்குள் சேதி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறைக் கூட்டும். சோமட்டோஸ்டேட்டின் அதைக் குறைக்கும். கிரெலின் ஏற்பி செல்லுக்குள் கால்சியத்தை எழுப்பும். சைக்ளிக் ஏஎம்பியை அளக்கும்போது அதை உடைக்கும் நொதியைத் தடுக்க ஐபிஎம்எக்ஸ் என்ற பொருளைச் சேர்ப்போம், அது நம் காபியில் இருக்கும் காஃபீனுக்கு நெருங்கிய சொந்தம். செல் உயிரோடுதான் இருக்கிறதா, அளவீடு வேலை செய்கிறதா என்று பார்க்க, ஏற்பி இல்லாமலே சைக்ளிக் ஏஎம்பியை ஏற்றிவிடும் ஃபோர்ஸ்கோலின் போடுவோம். அது மருந்துக் கூர்க்கன் கிழங்கிலிருந்து வருவது. சேலம் பக்கம் வயலில் பயிராகிற கிழங்கு. உலகத்து ஆய்வகமெல்லாம் சைக்ளிக் ஏஎம்பி அளக்கும்போது நம்பி நிற்பது அதன் மேல்தான். ஆனால் எங்களுக்கு அது வெளிநாட்டிலிருந்து, குப்பியில், வெளிநாட்டு விலைக்கு வந்து சேரும். செல் வளர்க்கும் தட்டில் ஃபோர்ஸ்கோலின் போட்ட குழியிலும் எண் ஏறவில்லை என்றால் அன்றைய தட்டு முழுக்கக் குப்பை. பெப்டைடைக் குறை சொல்லாதீர்கள்.

வளர்ச்சி ஹார்மோனின் சொந்த ஏற்பி வேறு குடும்பம். 191 அமினோ அமிலம் கொண்ட ஒரு ஹார்மோன் மூலக்கூறு ஒரு பக்கத்தால் ஓர் ஏற்பியையும் மறு பக்கத்தால் இன்னொன்றையும் பிடிக்கும். 1992-இல் அந்தப் படிக அமைப்பு வந்தபோது எங்கள் கருத்தரங்கு அறையில் அதைப் பற்றியே பல வாரம் பேச்சு. இரண்டு ஏற்பியும் சேர்ந்து நின்று வேலை செய்தால்தான் உள்ளே ஜாக்2 என்ற நொதி எழும்பும், அது ஸ்டாட்5 என்ற புரதத்தைத் தட்டி எழுப்பும். இதிலிருந்து நடைமுறையில் ஒரு விளைவு. ஹார்மோனை மிக அதிகமாகக் கொட்டினால் ஒவ்வோர் ஏற்பிக்கும் தனித்தனியாக ஒரு ஹார்மோன் கிடைத்துவிடும், ஜோடி சேர ஆள் இருக்காது, சமிக்ஞை கீழே இறங்கும். வளைகோடு மலை மாதிரி ஏறி இறங்கும். நான் பார்த்த அளவில் பாதிப் பேர் கடைசியில் இறங்கும் புள்ளிகளைப் பிழை என்று அழித்துவிடுகிறார்கள். ஜான் காப்சிக் ஆய்வகம் அந்த இரண்டாவது பக்கத்தைக் கெடுக்கும்படி ஹார்மோனின் ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றியது. அதைச் சுமந்த எலிகள் பெரிதாக வளர்வதற்குப் பதில் குள்ளமாகின. அந்த வழியில்தான் அக்ரோமெகலிக்கு பெக்விசோமண்ட் என்ற மருந்து வந்தது. இறங்கும் புள்ளியை அழிக்காதீர்கள், குறைந்தது நோட்டிலாவது இருக்கட்டும்.

ஏற்பியைப் பிடிக்கும் என்று விற்கும் ஆன்டிபாடிகளைப் பற்றிப் பேசினால் எனக்கு ரத்தக் கொதிப்பு. ஏற்பியே இல்லாத செல்லிலும், இருக்கிறது என்று சோதனையில் அழகாகப் பட்டை காட்டும். வாங்கினால் முதலில் ஏற்பி இல்லாத செல்லில் ஓட்டுங்கள். பட்டை வந்தால் திருப்பி அனுப்புங்கள், கடைக்காரர் ஆயிரம் சமாதானம் சொல்வார். செல்லும் அப்படித்தான். ஜிஎச்3 என்ற எலிப் பிட்யூட்டரி செல்லை எல்லோரும் வளர்க்கிறார்கள். அது டிஆர்எச்சுக்கு நன்றாகப் பதில் சொல்லும், ஜிஎச்ஆர்எச்சுக்குக் கிட்டத்தட்ட ஊமை. பெயரைப் பார்த்து வாங்கி மாதக்கணக்கில் அழுதவர்களைத் தெரியும்.

சென்னையில் டீப் ஃப்ரீசர் வைத்திருப்பவர்களுக்கு 2015 டிசம்பர் வெள்ளமும் 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வந்த வர்தா புயலும் மறக்காது. வெள்ளத்தில் ஜெனரேட்டர் இருந்தும் டீசல் கொண்டுவர வழியில்லை. புயலில் மரம் விழுந்து கம்பி அறுந்து, பல இடங்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. எங்களுக்கு உதவியது பெரிய ஏற்பாடு எதுவும் இல்லை. ஃப்ரீசரில் காலி இடம் விடாமல் தண்ணீர் உறைய வைத்த பாட்டில்களை அடைத்து வைத்திருந்தோம். கதவில், உள்ளே எந்தத் தட்டில் என்ன என்று வரைபடம் ஒட்டியிருந்தோம், யாரும் திறந்து தேட வேண்டியதில்லை. முக்கியமான பெப்டைடும் சீரமும் இரண்டு பங்காகப் பிரிந்து இன்னொரு கட்டடத்தில் மாடியில் இருந்தன. செல்கள் திரவ நைட்ரஜனில். அதற்கு மின்சாரம் வேண்டாம், நைட்ரஜன் ஊற்ற வருகிற ஆளின் போன் நம்பர் வேண்டும்.

பணத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல ஆசை இல்லை. திட்ட நிதி தாமதமாக வரும், மார்ச் 31-க்குள் செலவுக் கணக்கு மட்டும் தாமதமாகாமல் வேண்டும். ஒரு முறை பெப்டைடு பெட்டி விமான நிலையத்தில் காகிதம் ஒன்று குறைகிறது என்று வெள்ளி மாலையிலிருந்து திங்கள் வரை நின்றது, உள்ளே டிரை ஐஸ் ஆவியாகிப் போயிருந்தது. அதிலிருந்து இரண்டு பழக்கம். உலர் தூளாகக் கிடைப்பதைக் கரைசலாக வாங்குவதில்லை, தூள் சில நாள் வெயிலைத் தாங்கும். அனுப்புகிறவரிடம் திங்கள்கிழமை அனுப்பச் சொல்வோம், வார இறுதி நடுவில் வராது. ஊர் பண்டிகைப் பட்டியலையும் சேர்த்து மின்னஞ்சலில் அனுப்பிவிடுவேன்.

ஓய்வு பெற்ற பிறகு என்னைத் தேடி வருகிறவர்கள் மாணவர்கள் இல்லை, சொந்தக்காரர்களும் பக்கத்துப் பிளாட்காரர்களும்தான். “பையன் உயரமே ஏற மாட்டேங்கறான், நீங்கதான் அந்த ஹார்மோன்ல இருந்தீங்களாமே, ஊசி போட்டா ஏறுமாமே?” நான் டாக்டர் இல்லை என்று சொல்லிவிட்டு, தெரிந்ததைச் சொல்வேன். ஒரு தடவை ரத்தம் எடுத்து வளர்ச்சி ஹார்மோன் எவ்வளவு என்று பார்ப்பதில் அர்த்தமே இல்லை, துடிப்பு எப்போது வந்தது என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் குழந்தைகள் ஹார்மோன் டாக்டர்கள் குளோனிடின் போன்ற மருந்து கொடுத்துத் தூண்டிவிட்டு, இடைவெளி விட்டு பல தடவை ரத்தம் எடுக்கிறார்கள். பிள்ளை தூங்கி வழியும், ரத்த அழுத்தம் இறங்கும், ஆகவே ஆஸ்பத்திரியில்தான் செய்வார்கள். கூடவே வளர்ச்சி ஹார்மோன் ஏவி ரத்தத்தில் சேரும் ஐஜிஎஃப்-1 என்ற ஹார்மோனையும் பார்ப்பார்கள், அது நாள் முழுக்க அவ்வளவாக ஆடாது. அதற்கெல்லாம் முன்னால் வீட்டில் செய்ய வேண்டியது, ஒரே சுவரில், செருப்பில்லாமல், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பென்சிலால் கோடு போடுவது. நாலைந்து வயதுக்கு மேல் பருவம் வரும்வரை ஆண்டுக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் ஏறினால் பெரும்பாலும் கவலையில்லை. அதற்கு நன்றாகக் கீழே போனால் அந்தக் கோடுகளை எழுதிக்கொண்டு டாக்டரிடம் போகலாம். அவர் தைராய்டு, ரத்தசோகை, குடல் பிரச்சினை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் இந்த ஹார்மோனுக்கு வருவார்.

ஜிம்மில் யாரோ கொடுக்கும் குப்பியை மட்டும் தொட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்வேன். உள்ளே இருப்பது என்ன, எவ்வளவு, எந்தச் சூட்டில் எத்தனை நாள் கிடந்தது என்று தெரியாத பெப்டைடை நான் எலிக்குக்கூடப் போட்டதில்லை. உண்மையான வளர்ச்சி ஹார்மோனாகவே இருந்தாலும் தேவையில்லாதவருக்கு நீர் கட்டும், மூட்டு வலிக்கும், சர்க்கரை ஏறும். நம் குடும்பங்களில் சர்க்கரைக்கு இன்னொரு காரணம் தேட வேண்டியதில்லை. 1985 வரை இந்த ஹார்மோனை இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்துதான் எடுத்தார்கள். அதை ஊசியாகப் போட்டுக்கொண்ட சிலருக்குப் பல ஆண்டு கழித்து மூளையை அழிக்கும் கிராய்ட்ஸ்ஃபெல்ட்-யாகோப் நோய் வந்தது தெரிந்ததும் அமெரிக்காவில் நிறுத்தினார்கள். அதே ஆண்டு பாக்டீரியாவில் தயாரித்தது அனுமதி பெற்று வந்தது. இவ்வளவு பட்டுத்தான் இந்த மருந்து மருந்துக்கடைக்கு வந்திருக்கிறது.

போன வருடம் வந்தது என் தங்கை வீட்டுக்காரர், கல்லூரி முதலாண்டு படிக்கும் மகனுக்காக. இடது கை மணிக்கட்டு எக்ஸ்ரே ஒன்று எடுத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டச் சொன்னேன். எலும்பு முனையில் வளர்ச்சித் தட்டு முழுக்க மூடியிருந்தது. அதற்கு மேல் எந்த ஊசியும் ஒரு மில்லிமீட்டர் ஏற்றாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஊசிக்கென்று எடுத்து வைத்த பணத்தில் பையனுக்கு வண்டி வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். நல்ல உயரமான வண்டி. “அக்கா, இந்த மாடல் எப்படி?” என்று அதற்கும் என்னிடம்தான் கேட்டார் மாப்பிள்ளை.